பெயர் மாறிய புகை

பகைவன் பகைவனுக்குரிய கோலத்தோடே வருவானாயின், அவனிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளுதல் எளிது. நண்பனுக்குரிய கோலம் பூண்டு வருவானாயின், அறிவுடையாரும் ஏமாறுவர். இஃது உலகியலறிந்தார் யாவர்க்கும் ஒப்பமுடிந்த உண்மை. சுருட்டும் பீடியும் சிகரெட்டும் பகைவர் கோலத்திலேயே நிற்பவை. அவற்றின் நாற்றமும், அவற்றாற் கறைபடும் பல்லும், விடாத இருமலும், உறையின்மேல் அச்சிடப்பட்ட அச்சந்தரும் படமும் அவை இன்னவென்று பறைசாற்றுகின்றன. இக்காலத்து இளைஞர் நடுவே ‘வேப்’ என்னும் பெயரோடு உலவும் மின்சிகரெட்டோ அவ்வாறன்று. எழுதுகோல் போலவும், கணினியிற் செருகும் சிறு கருவி போலவும் அது சட்டைப்பையில் அடங்கிக் கிடக்கின்றது. அதனை உறிஞ்சி விடும் புகை மாம்பழத்தின் மணமும் புதினாவின் குளிர்ச்சியும் கமழ வெளிப்பட்டு, சில நொடிகளில் மறைந்தும் போகின்றது. தாய் அறியாள், ஆசிரியர் அறியார், அருகில் அமர்ந்திருப்பவனும் ஐயுறான். இவ்வேடத்தைக் களைந்து, உள்ளே நிற்பது இன்னதென்று நம் உடன்மாணாக்கர்க்கு எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வோராகிய யாம் பெயரினின்றே தொடங்குவாம். ‘புகையிலை’ என்பது தன்னை மறைத்துக்கொள்ளாத சொல். இஃதோர் இலை, இதனாற் பயன் புகை என்று கேட்டமாத்திரத்தே உணர்த்திவிடும். பழனி முருகன்பாற் சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய ‘புகையிலை விடு தூது’ என்னும் நூல், அவ்விலை நம்மவர் வாழ்வில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்று. தூது செல்லத் தக்கதென்று அதனை உயர்த்திய புலவரும் அதனைப் புகையிலையென்றே அழைத்தார். இக்காலத்து வணிகரோ பெயரையே மாற்றிவிட்டனர். ‘வேப்’ என்பது ஆவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். ஆவியென்றால் நமக்கு நினைவிற்கு வருவன யாவை? இட்டலிப் பானையினின்று எழும் ஆவி. சளி பிடித்த காலத்து நொச்சியிலையை வெந்நீரிலிட்டுப் போர்வைக்குள் அமர்ந்து பிடிக்கும் ஆவி. உயிர்க்கும் ஆவியென்பது பெயர். கிறிஸ்தவராகிய எமக்கு மறைநூலில் அதனினும் உயர்ந்த பொருளும் உண்டு. இத்துணை நற்பொருள் செறிந்ததொரு சொல்லின் நிழலிலே இக்கருவி ஒதுங்கி நிற்கின்றது. ‘வெறும் ஆவிதானே, இதனால் என்ன கெடுதி?’ என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை கூறுதல் வேண்டும்.

அக்கருவியின் இயல்பை நோக்குவோம். ஒரு சிறு மின்கலம், ஒரு கம்பிச்சுருள், சிறிதளவு திரவம் ஆகிய இவையே அதன் உறுப்புக்கள். வாய்வைத்து உறிஞ்சியவுடன் மின்சாரம் பாய்ந்து சுருள் சூடேறுகின்றது. திரவம் கொதித்து, கண்ணுக்கு வெண்புகைபோலத் தோன்றும் நுண்டுளிகளாக மாறுகின்றது. இது நீராவி அன்று. அத்திரவத்தின் பெரும்பகுதி புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினுமாகும். அவற்றோடு நிக்கோட்டினும் பலவகை மணப்பொருள்களும் கலக்கப்பட்டுள்ளன. ‘கிளிசரின் உணவிலும் மருந்திலும் சேர்க்கப்படுவதன்றோ?’ என்று கேட்போர் உளர். இரைப்பைக்கு ஏற்றது நுரையீரலுக்கு ஏற்றதாகாது. நாம் நாடோறும் உண்ணும் சோற்றின் ஒரு பருக்கை வழிதவறி மூச்சுக்குழலிற் புகுந்தால் படும் பாடு யாவரும் அறிந்ததே. மேலும், மிகுந்த சூட்டில் அத்திரவம் சிதையுங்கால் ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, அக்ரோலீன் என்னும் கேடுதரும் பொருள்கள் தோன்றுகின்றன. விலங்கியல் ஆய்வுக்கூடத்துச் சாடிகளில் இறந்த பிராணிகளைக் கெடாது வைத்திருக்கும் ஃபார்மலின், ஃபார்மால்டிஹைடு கரைந்த நீரே என்பதை அறிவியல் மாணாக்கர் அறிவர். சூடேறும் சுருளினின்று நிக்கல், குரோமியம், ஈயம் முதலிய உலோகத் துகள்களும் மூச்சோடு உட்செல்கின்றன.

இவற்றுள் தலையாய நஞ்சு நிக்கோட்டினே. அதன் பெயர் வரலாறு பிரெஞ்சுத் தொடர்புடைய நம் புதுச்சேரிவாசிகளுக்குச் சுவை பயப்பதாகும். லிஸ்பன் நகரில் பிரான்சு நாட்டுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பார், 1560 ஆம் ஆண்டளவில் புகையிலையை மருந்தென்று கருதித் தம் அரச குடும்பத்தார்க்கு அனுப்பினார். அவர் பெயரே பின்னர் அச்செடிக்கும், 1828 இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் அதனினின்று பிரித்தெடுக்கப்பட்ட நஞ்சிற்கும் ஆயிற்று. நோய் தீர்க்கும் மருந்தென்று புகுந்தது, நோய்க்கே காரணமாய் நிலைத்தது. மின்சிகரெட்டின் பிறப்பும் இதனையொத்ததே. சீன தேசத்து மருந்தியலாளர் ஹான் லிக் என்பார், சிகரெட்டினின்று விடுபடும் வழியாகவே 2003 ஆம் ஆண்டில் இதனைப் படைத்தார். நோக்கம் பழிக்கத்தக்கதன்று. எனினும், புகைப்பாரை விடுவிக்கப் பிறந்த கருவி, புகையையே அறியாத சிறாரைப் பிணிக்கும் கருவியாயிற்று. மருந்தின் கோலத்தில் நிக்கோட்டின் நம் வீட்டு வாயிலில் நிற்பது இஃது இரண்டாம் முறை.

நிக்கோட்டின் இளைஞர்க்குச் செய்யும் தீங்கு தனியாக எண்ணத்தக்கது. மனிதனுடைய மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ச்சியுற்றுக்கொண்டே இருக்கும் என்பது மருத்துவர் துணிபு. கவனத்தை ஒருமுகப்படுத்தலும், நினைவிற் கொள்ளலும், எழும் ஆசையை அடக்கலும் ஆகிய ஆற்றல்கள் முதிர்ச்சி பெறும் காலம் நாம் கல்லூரியிற் பயிலும் இக்காலமே. உறிஞ்சிய நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டி, டோப்பமின் என்னும் சுரப்பைத் தூண்டி, ஒரு சிறு இன்பத்தை விளைவிக்கின்றது. நெஞ்சத்துடிப்பு விரைகின்றது, இரத்த அழுத்தம் உயர்கின்றது. அவ்வின்பம் தேய்ந்தவுடன் எரிச்சலும் அமைதியின்மையும் தலைதூக்குகின்றன. மீண்டும் உறிஞ்சினால் அவை அடங்குகின்றன. ‘தேர்வுக் காலத்து மனக்கலக்கத்தை இது தீர்க்கின்றது’ என்று மாணாக்கர் சிலர் கூறுவதன் உண்மை இதுவே. நம்மிடமிருந்து நாடோறும் வட்டி பறிக்கும் கந்துவட்டிக்காரன், அவ்வட்டியிலிருந்தே நாலணா எடுத்துக் கையில் வைத்தால், அவனை வள்ளல் என்போமா? கலக்கத்தை உண்டாக்கியதும் அதுவே, தணிப்பதும் அதுவே. கருவி கைக்கு வருமுன் நமக்கு இருந்த இயல்பான அமைதியை அதனால் ஒருநாளும் திருப்பித் தரவியலாது.

இவ்வளவும் ஏட்டுக் கூற்று என்று எண்ணுவார் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்ததை நோக்குவாராக. 2015 ஆம் ஆண்டில் ‘ஜூல்’ என்னும் மின்சிகரெட் அங்கே விற்பனைக்கு வந்தது. நிக்கோட்டினை உப்பு வடிவாக்கி, தொண்டையை உறுத்தாதபடி அதில் அமைத்திருந்தனர். சிகரெட்டை முதன்முறை இழுப்பவனுக்கு இருமல் வந்து எச்சரிக்கும். இங்கே அவ்வெச்சரிக்கையும் இல்லாதொழிந்தது. 2018 ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி இதனை இளைஞரிடைப் பரவும் கொள்ளைநோயென்றே அறிவித்தார். 2019 இல் எடுத்த கணக்கின்படி அங்கே உயர்நிலைப்பள்ளி மாணவருள் நூற்றுக்கு 27.5 பேர் மின்சிகரெட்டைப் பயன்படுத்தினர். சிறாரைக் குறிவைத்து விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டின்பேரில், அந்நிறுவனம் முப்பதிற்கு மேற்பட்ட மாநிலங்களுக்கு 43 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை தர 2022 இல் உடன்பட்டது.

அதே 2019 இல், நலமாயிருந்த இளைஞர் பலர் மூச்சுத்திணறலோடு அந்நாட்டு மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். 2020 பிப்ரவரி வரை இவ்வாறு நுரையீரற் கேடுற்றோர் 2,807 பேர். இறந்தோர் 68 பேர். இவ்விடத்து உண்மையை உள்ளவாறே கூறுதல் முறையாகும். அக்கேட்டிற்கு முதன்மையான காரணமென்று கண்டறியப்பட்டது, கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளத் திரவங்களிற் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் எண்ணெய். எல்லா மின்சிகரெட்டும் உடனே உயிர்குடிக்கும் என்று யாம் கூறவில்லை. மிகைப்படக் கூறின், கேட்பவன் ஒரு பொய்யைக் கண்டவுடன் மெய்யனைத்தையும் தள்ளிவிடுவான். ஆயினும் இந்நிகழ்ச்சியினின்று நம் நாட்டார் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. விற்பனை முழுதும் தடைசெய்யப்பட்டுள்ள நம் நாட்டிற் கிடைக்கும் ஒவ்வொரு குப்பியும் கள்ளத் திரவமே. அதனுள் இருப்பது இன்னதென்று விற்பவனும் அறியான், வாங்குபவனும் அறியான்.

இங்கே ஒரு தடையை எழுப்புவோர் உளர். ‘இங்கிலாந்து நாட்டு மருத்துவத்துறையினர், புகைப்போர் சிகரெட்டை விட்டு இதற்கு மாறுதல் நலமென்று கூறுகின்றனரே’ என்பர். கூறுவது உண்மையே. பல்லாண்டு புகைத்து நெஞ்சு புண்பட்ட முதியோர் ஒருவர், புகையிலையை எரிப்பதால் உண்டாகும் தாரினின்றும் கரியமிலத்தினும் கொடிய கார்பன் மோனாக்சைடினின்றும் தப்ப இதனை நாடுவாராயின், அவர்க்கு அது பெருந்தீமையினின்று சிறுதீமைக்கு இறங்குதலாகும். ஆனால் ஒருகாலும் புகைத்தறியாத பதினெட்டு வயது மாணவன் இதனைக் கையிலெடுத்தால், அவன் எத்தீமையினின்று இறங்குகின்றான்? தீமையே இல்லாத இடத்தினின்று தீமைக்கு ஏறுகின்றான். முடவனுக்குக் கொடுத்த ஊன்றுகோலை நல்ல காலுடையான் பிடுங்கி ஊன்றத் தொடங்கினால், கால் வலிவிழத்தலே பயன். இவ்வேறுபாட்டை அந்நாட்டாரும் உணர்ந்துள்ளனர். சிறாரைக் காக்கவும் குப்பை பெருகாது தடுக்கவும் கருதி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட்டுக்களின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் இங்கிலாந்திலும் தடைசெய்துவிட்டனர்.

‘இதனாற் புற்றுநோய் வந்ததென்று இன்னும் எவரும் மெய்ப்பிக்கவில்லையே’ என்பார்க்கும் விடையுண்டு. சிகரெட் உலகெங்கும் பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டாலும் ஹில்லும் இங்கிலாந்தில் ஆய்ந்து வெளியிட்டது 1950 இல். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வெளிவந்தது 1964 இல். இடைப்பட்ட ஆண்டுகளிற் புகைத்தோர், ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்னும் சொல்லை நம்பியே புகைத்தனர். அச்சொல்லின் விலை எண்ணற்ற உயிர்கள். புகையிலையால் இன்றும் நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் இறக்கின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மின்சிகரெட் தோன்றி இருபத்தைந்து ஆண்டும் நிறையவில்லை. அதன் முழுப்பயனை உலகிற்கு எடுத்துக்காட்டும் பொருட்டு நம் நுரையீரலைச் சோதனைக்குத் தருதல் அறிவுடைமையோ?

இனி, நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். தமிழ்நாட்டரசு 2018 இலேயே இக்கருவியைத் தடைசெய்தது. 2019 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத்தடையே வேண்டுமென்று பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவசரச் சட்டமும், டிசம்பரில் நாடாளுமன்றத்தின் நிலையான சட்டமும் பிறந்தன. அச்சட்டப்படி மின்சிகரெட்டைச் செய்தலும், இறக்குமதி செய்தலும், விற்றலும், விளம்பரம் செய்தலும் குற்றம்; முதன்முறைக்கு ஓராண்டு வரை சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்; மறுமுறை செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்திலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. விற்பனைக்காகச் சேமித்து வைத்தலும் தண்டனைக்குரியதே. ஆனால் உறிஞ்சுபவனுக்கு அச்சட்டம் தண்டனை வகுக்கவில்லை. ஆகவே சட்டம் கடைவாயிலிற் காவல் நிற்கின்றது. நம் வாயிலிற் காவல் நிற்கவேண்டியது நம் அறிவே.

புதுச்சேரி நகரத்தார்க்கு இக்காவல் மிகவும் இன்றியமையாதது. 2016-17 ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கில், பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவருள் புகையிலையைப் பயன்படுத்துவோர் இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 28.6 பேராக இருக்க, புதுச்சேரியில் 11.2 பேராகவே இருந்தனர். இது சிறிய பெருமையன்று. நம் தாய்மாரும் ஆசிரியரும் மருத்துவரும் தலைமுறை தலைமுறையாகக் காத்த செல்வம் இது. ஆனால் இந்நகரம் இன்பம் நாடி வருவார்க்கு வாயில் திறந்து வைத்திருக்கும் நகரமுமாகும். வார இறுதியில் வெளியூர் இளைஞர் திரளாக வருகின்றனர். வெண்ணகர்த் தெருக்களிலும் கடற்கரைச் சாலையிலும் நிழற்படம் எடுத்து உலவும் அவருட் சிலர், விடுமுறைக் கோலத்தின் ஓர் உறுப்பாகவே இக்கருவியைக் கொணர்கின்றனர். உள்ளூர்ச் சிறுவன் அதனைக் காண்கின்றான்; நாகரிகமென்று எண்ணுகின்றான். கடைத்தெருவில் வெளிப்படையாகக் கிடைக்காதது கைப்பேசி வழியே மறைவாகக் கைக்கு எட்டுகின்றது.

‘பிரான்சு தேசத்தில் இது வழக்கம்’ என்று கூறுவாரையும் நம் ஊரிற் காணலாம். 1954 இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னரும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இங்கே பலவாக இருத்தலின், அந்நாட்டு வழக்கம் நம் வீடுகளில் எளிதில் மதிப்புப் பெறும். அங்கும் காற்றுத் திசை மாறிவிட்டது. ‘பஃப்’ என்று அங்கே வழங்கும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட்டுக்களைத் தடைசெய்யும் சட்டம் 2025 பிப்ரவரியில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சிறார் நலமே அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. தந்த நாடே தள்ளும் பொருளை நாம் நாகரிகமென்று தாங்குதல் நகைப்பிற்கிடமன்றோ?

இதனைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் யாம் பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்வது ஒன்றுண்டு. விடுதியறையிலோ வகுப்பிலோ ஒரு மாணவன் இக்கருவியோடு அகப்பட்டால், அவனைக் கல்லூரியினின்று நீக்குவதே பல இடங்களிலும் முதல் எண்ணமாக எழுகின்றது. கண்டிப்பு வேண்டாமென்று யாம் கூறோம். பிறர்க்கு விற்பவன்மேல் இரக்கம் காட்டவும் சொல்லோம். ஆனால் பழக்கத்திற்கு அடிமைப்பட்டவன் நோயாளனாவான். நாட்டின் சட்டமே அவனைத் தண்டியாது விட்டது. அவனை நீக்கினால் நோய் நீங்காது. அவன் மட்டுமே நீங்குவான். எஞ்சியோர் ‘அகப்படலாகாது’ என்பதைக் கற்பரேயன்றி, ‘தொடலாகாது’ என்பதைக் கல்லார். மேலும், விட்டுவிட விரும்பி உதவி நாடுபவனும் அச்சத்தால் வாய் திறவான். வேடத்தால் வாழும் இத்தீமைக்கு மறைவே உணவு. நம் அச்சம் அவ்வுணவைப் பெருக்குகின்றது. முதன்முறை அகப்பட்டவனை மருத்துவரிடமும் பெற்றோரிடமும் ஒப்புவித்து, விடுதற்குத் தவணை தந்து, துணைநிற்பதே கல்விச்சாலைக்குரிய அறமென்பது எம் கருத்து. பழைய மாணவருள் மருத்துவராயிருப்போர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து மாணாக்கரோடு உரையாடுதலும் பெரும்பயன் தரும்.

உடன்மாணாக்கர்க்கும் சில சொல்வோம். பழக்கம் தொடங்கும் இடம் கடையன்று. நண்பனுடைய நீட்டிய கை. ‘ஒருமுறை இழுத்துப் பார்’ என்னும் அச்சொல்லை மறுத்தல் நட்பை முறித்தலாகாது. மறுப்பவனை எள்ளி நகையாடாதிருத்தல் நம் ஒவ்வொருவர் கடமை. இரண்டாவது, முதலாண்டு மாணவர் விடுதிக்கு வரும் ஆனி ஆடித் திங்களிலேயே மூத்த மாணாக்கர் இதனைப் பற்றி அவரோடு பேசிவிட வேண்டும். வீடு பிரிந்த ஏக்கமும் புதியவர்முன் தாழ்ந்துவிடலாகாதென்னும் எண்ணமும் மிக்க அக்காலமே வலையிற் சிக்கும் காலம். மூன்றாவது, முன்னரே சிக்கியோர் மனந்தளரவேண்டா. விட்ட முதற் சில நாட்கள் எரிச்சலும் உறக்கமின்மையும் வாட்டும்; பின்னர்த் தணியும். புகையிலைப் பழக்கத்தை விட விரும்புவோர்க்கு இந்திய அரசு 1800-11-2356 என்னும் எண்ணிற் கட்டணமின்றித் தொலைபேசி வழியே அறிவுரை வழங்கி வருகின்றது. அதனை நாடுதல் இழிவன்று. பல்வலிக்குப் பல் மருத்துவரை நாடுதல் போன்றதே. மக்கள் விழித்துக்கொண்டால் இது குறையும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. 2019 இல் அங்கே நூற்றுக்கு 27.5 ஆக இருந்த உயர்நிலைப்பள்ளி மாணவர் தொகை, 2024 இல் 7.8 ஆக இறங்கிற்று.

நண்பர்காள்! தமிழ் கற்போர்க்குச் சொல்லின் மெய்ப்பொருளை ஆராய்ந்து கொள்ளுதல் தலைக்கடனாகும். வகுப்பறையிற் செய்யுளுக்கு உரை காணும் நாம், வாழ்க்கையில் வணிகன் சூட்டிய பெயர்க்கும் உரை காண்போமாக. ஆவியென்று அவர் கூறுவதை நாம் நிக்கோட்டின் என்று கூறுவோம். மாம்பழ மணமென்று அவர் கூறுவதைத் தூண்டில் முள்ளின் இரையென்று கூறுவோம். நாகரிகமென்று அவர் கூறுவதை அடிமைத்தனமென்று கூறுவோம். பெயரை உள்ளவாறு கூறத் தொடங்கினால், கோலம் தானே கலையும். நம் நகரின் கடற்கரையில் மாலைதோறும் வீசும் காற்று விலையின்றிக் கிடைப்பது, மணம் சேர்க்கவேண்டாதது, எவரையும் அடிமைப்படுத்தாதது. அதனை நெஞ்சார உட்கொள்ளும் ஆற்றலோடு நாமும் நமக்குப்பின் இக்கல்லூரிக்கு வருவோரும் நெடுங்காலம் வாழ்வோமாக.